கசகசாவை எடுத்து வெளியே வையுங்கள், அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்களும் மதினியும் மகளோடு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுப் போனீர்கள். உங்கள் தம்பி சவூதி அரேபியாவில், தம்மாமில் டிரைவராக இருந்த காலத்துக் கதையெல்லாம் வந்தது. பாங்கு சொன்னதும் கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடுவது, கையில் பிரம்போடு வரும் முத்தவா என்ற மதக் காவலர், தலையை மூடாத பெண்ணைப் பார்த்து அவர் போட்ட சத்தம். மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பொம்பளப் பிள்ளைய அங்க எப்படி டீச்சர் தனியா விடுறது?" இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் மகளுக்குச் சவூதியிலிருந்து வந்த நர்ஸ் வேலைக் கடிதம் உங்கள் மஞ்சப்பைக்குள்ளேயே கிடந்தது. செருப்பை மாட்டும்போதுதான் ஞாபகம் வந்து, "இதையும் ஒரு பார்வை பாத்துருங்க" என்று நகலைக் கையில் கொடுத்தீர்கள்.

பார்த்துவிட்டேன். நீங்கள் பயந்த விஷயங்களில் பாதிக்கு இப்போது பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியவை அந்த ரெண்டு பக்கத்தில் இருக்கின்றன.

தம்பி சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அவர் ஊருக்குத் திரும்பி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2016-இல் ‘விஷன் 2030’ என்று ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். எண்ணெயை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதுதான் அதன் அடிப்படை. அதே ஆண்டு முத்தவாக்களிடமிருந்து ஆளைப் பிடிக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். 2018 ஏப்ரலில் முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு ரியாத்தில் சினிமா தியேட்டர் திறந்தது. அந்த ஜூன் 24-ஆம் தேதி பெண்கள் காரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். 2019-இல் 21 வயதான பெண், அப்பாவோ அண்ணனோ கையெழுத்துப் போடாமலே பாஸ்போர்ட் வாங்கலாம் என்று சட்டம் மாறியது. அந்த ஆண்டு டிசம்பரில், ஹோட்டல்களில் குடும்பத்துக்கு ஒரு வாசல், தனி ஆண்களுக்கு ஒரு வாசல் என்ற கட்டாயமும் போயிற்று. 2021-க்குப் பிறகு தொழுகை நேரத்தில் கடைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. 2023-இல் ரையானா பர்னாவி என்ற சவூதிப் பெண் விண்வெளி நிலையத்துக்கே போய்வந்தார். நாளைக்கு உங்கள் மகளுக்கு டூட்டி போடும் சார்ஜ் நர்ஸ் ஒரு சவூதிப் பெண்ணாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அபாயா என்ற அந்த நீள மேலங்கியா? வெளிநாட்டுப் பெண்களுக்கு இப்போது கட்டாயமில்லை. உடலை மறைக்கும் தளர்வான உடுப்பு போதும். ஆனாலும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பேன். சட்டம் ரியாத்திலும் ஜித்தாவிலும் மாறிய வேகத்தில் சின்ன ஊர்களின் கண் மாறாது. நம்மூரிலும் அப்படித்தானே.

இதற்காக எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே மாற்றம் மேலேயிருந்து இறங்கி வந்தது. பெண்கள் கார் ஓட்ட வேண்டும் என்று வருஷக்கணக்காகக் குரல் கொடுத்த லூஜைன் அல் ஹத்லூல், அனுமதி நடைமுறைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் 2018 மே மாதம் கைதானார். வெளியே வந்தது 2021 பிப்ரவரியில். ஆகவே மகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அந்த நாட்டு அரசியல், மதம், அரச குடும்பம் பற்றி போனில் ஒரு வரிகூட எழுதக் கூடாது, யாராவது எழுதியதைப் பகிரவும் கூடாது.

இன்னொன்று ரீல்ஸ். நம் பிள்ளைகள் யூனிஃபார்ம் மாட்டியதும் முதல் வேலையாக வார்டில் நின்று வீடியோ எடுக்கிறார்கள். அங்கே 2007-ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டப்படி, ஒருவரின் அந்தரங்கத்துக்குள் கேமரா போனை நீட்டினால் ஒரு வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் ரியால் வரை அபராதம். பின்னால் கட்டிலில் ஒரு அம்மா முகத்திரை இல்லாமல் படுத்திருப்பது உங்கள் மகளின் கண்ணில் படாமல் போகலாம். அந்த அம்மாவின் மகன் கண்ணில் பட்டுவிடும்.

மதினிக்கு அங்கே நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால் கொஞ்சம் மனசு ஆறும். என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் சொல்வதை வைத்துச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி கொடுக்கும் குடியிருப்பில் ரெண்டு பேருக்கு ஒரு அறை, டூட்டிக்குக் கூட்டிப்போகப் பஸ். சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேர வேலை. பல இடங்களில் அதைப் பன்னிரண்டு மணி நேர டூட்டியாகப் பிரித்துப் போடுகிறார்கள். வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஆனால் நர்ஸுக்கு ஏது வெள்ளி, ஏது சனி. அரபி தெரியாதே என்ற கவலை முதல் மூன்று மாதம்தான். ஊசிக்கு ‘இப்ரா’, தண்ணீருக்கு ‘மோயா’, மருந்துக்கு ‘தவா’, வலிக்கிறதா என்று கேட்க ‘ஃபீ அலம்?’, மெதுவாக என்பதற்கு ‘ஷ்வய் ஷ்வய்’. இந்த ஐந்தை வைத்துக்கொண்டே ஒரு நைட் டூட்டியை ஓட்டிவிட்டதாக ஒருத்தி சொன்னாள்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் குடும்பமாக வருவார்கள். கூடவே பிளாஸ்க்கில் ஏலக்காய் போட்ட கஹ்வா என்ற அரபிக் காபி, ஒரு டப்பாவில் பேரீச்சம்பழம், கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைகள். நர்ஸுக்கும் ஊற்றித் தருவார்கள். வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் வருத்தப்படுவார்கள். ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டினால் போதும் என்று அர்த்தம். ஆட்டாமல் நீட்டினால் திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இது தெரியாமல் முதல் நாளே ஏழு கோப்பை குடித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவளும் என் மாணவிதான்.

பெண் நோயாளியின் அறைக்குள் டாக்டர் நுழையுமுன் நர்ஸ் முதலில் போய், அந்த அம்மா முகத்திரையைச் சரிசெய்துகொள்ள ஒரு நிமிஷம் கொடுக்க வேண்டும். ரமலான் வந்தால் ராத்திரி பகலாகிவிடும். நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்றாலும் பல பெரியவர்கள் விட மாட்டார்கள். டாக்டரைக் கேட்டு மாத்திரை நேரத்தை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் விடியுமுன் சாப்பிடும் சஹருக்கும் மாற்றி வைப்பது நர்ஸின் வேலைகளில் ஒன்று. அந்த மாதம் பகலில் யாராக இருந்தாலும் வெளியிடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

சாமி படம் கொண்டுபோகலாமா என்று கேட்டீர்கள். மற்ற மதங்களுக்குப் பொதுவில் வழிபாட்டு இடம் கிடையாது. தன் அறையில் சின்னதாக ஒன்றை வைத்துக்கொண்டு அமைதியாகக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் வேண்டாம்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

முதலாவது, அதில் ஊர் பெயரே இல்லை. ‘சவூதி அரேபியா’ என்று மொட்டையாக இருக்கிறது. மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர் போகவே முடியாது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று எழுத்தில் வரவேண்டும்.

ரெண்டாவது, பதவி. ‘ஹோம் கேர் நர்ஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். இதைப் படித்ததும் எனக்குப் பழைய ஒருத்தி ஞாபகம் வந்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் என்னைக் கேட்காமல், ஊர்க்கார ஏஜென்ட் ஒருவர் பேச்சை நம்பிப் போனாள். பெரிய ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லியிருந்தார். விசாவில் இருந்தது வீட்டு நர்ஸ். ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை; கூடவே சமையலறையும் அவள் தலையில் விழுந்தது. வீட்டு நர்ஸ் என்பது அங்கே வீட்டுப் பணியாளர் கணக்கு. வேலை நேரம், லீவு, கிராஜுவிட்டி எல்லாம் சொல்லும் தொழிலாளர் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது, தனி விதிதான். பதினான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள், அனுபவச் சான்றிதழ் இல்லாமல். உங்கள் மகள் பி.எஸ்சி. நர்சிங். இகாமா என்ற அங்கே தங்கும் அனுமதி அட்டையில் நர்ஸ் என்று பதிய, ஆஸ்பத்திரியில் வேலை செய்ய, அந்நாட்டு மருத்துவத் துறை ஆணையத்தின் பதிவு வேண்டும். சான்றிதழ் உண்மையா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, கணினியில் எழுதும் பிராமெட்ரிக் தேர்வு, அந்த ஆணையத்தின் முமாரிஸ் பிளஸ் தளத்தில் பதிவு என்று அதற்குப் பல கட்டங்கள் இருக்கின்றன. இதில் ஒன்றையும் கேட்காமல் ஒருவர் உடனே விசா தருகிறார் என்றால் அவர் தரும் வேலை வேறு.

மூன்றாவது, இகாமா கட்டணத்தைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்போம் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி ஆள் எடுக்கும் செலவு, இகாமா, வேலை அனுமதி, புதுப்பிப்பு, முடிந்து திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளியின் பொறுப்பு. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமையில்லை.

நான்காவது, ‘தங்குமிடம் அல்லது படி’, அதாவது அறை தருவோம், இல்லை அதற்குப் பதில் பணம் தருவோம் என்பது. இந்த ‘அல்லது’ யாருக்குச் சாதகம் என்று சொல்ல வேண்டியதில்லை. ரியாத்தில் வாடகை ஏறிய வேகத்தைப் பார்த்து 2025 செப்டம்பரில் அரசே ஐந்து வருஷத்துக்கு உயர்த்தக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. தங்குமிடம் என்றே எழுதி வாங்குங்கள். வாங்கும் சாமானுக்கு 15 சதவீதம் வாட் வேறு. சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது மட்டும் உண்மை.

ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்டதாகச் சொன்னீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். சப் ஏஜென்ட் என்ற ஆளையே நம் குடியேற்றச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. "எக்ஸ்பீரியன்ஸ் இன்னொரு வருஷம் போட்டுத் தாரேன்" என்றும் சொன்னாராம். அண்ணாச்சி, இதுக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். டேட்டாஃப்ளோ நேராக அவள் வேலை பார்த்ததாகச் சொல்லும் ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்கும். பொய் என்று பதிலானால் சவூதியோடு போகாது. கத்தார், துபாய், ஓமன் எல்லாம் அதே வழியில்தான் சரிபார்க்கின்றன. இருபத்தைந்து வயதில் வளைகுடாவின் கதவு அத்தனையும் அடைபடும். அவளுடைய ரெண்டு வருஷ ஐ.சி.யூ. அனுபவமே போதும்.

மகள் பத்தாவது தாண்டியவள், பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி வேண்டும் என்று சொல்லும் ஈ.சி.ஆர். முத்திரை இல்லை, அதனால் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். மற்ற வேலைக்குச் சரி. நர்ஸுக்கு 2015 முதல் விதி வேறு: சவூதி உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு எந்தப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் ‘இமைக்ரேட்’ என்ற நம் மத்திய அரசுத் தளம் வழியாக அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அந்த வழியில் போனால் பத்து லட்ச ரூபாய் காப்பீடும் சேர்ந்து வரும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் நடக்கிறது. சவூதி சுகாதார அமைச்சக ஆஸ்பத்திரிகளுக்கே அவர்கள் ஆள் எடுப்பதுண்டு. ஏன் முதலில் அங்கே பதியவில்லை என்று நான் மகளைக் கேட்க வேண்டும்.

கல்யாணப் பேச்சையும் மதினி எடுத்தார். ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடியட்டும் என்பது என் எண்ணம். கல்யாணம் முடித்துக் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டால், கூட இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் சரியில்லை என்றால் மாட்டிக்கொள்வாளோ என்ற பயத்துக்கு ஒரு பதில்: 2021 மார்ச் முதல், சில நிபந்தனைகளோடு, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு இடம் மாறவும் ஊருக்கு வந்து திரும்பவும் வழி இருக்கிறது. ஒப்பந்தம் ‘கிவா’ என்ற சவூதி அரசின் தொழிலாளர் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வசதியும் வீட்டுப் பணியாளர் கணக்கில் போனவர்களுக்கு அப்படியே கிடைக்காது. அந்த ‘ஹோம் கேர்’ வார்த்தையில் நான் இவ்வளவு நேரம் நிற்பது அதனால்தான்.

மதினி மசாலாப் பொடி அரைத்துத் தயாராக வைத்திருப்பதாகச் சொன்னார். அதில் கசகசா போட்டிருந்தால் அந்தப் பொட்டலத்தை அப்படியே வீட்டில் வையுங்கள். சவூதியில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் கணக்கில் பார்ப்பார்கள். வலிக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்தனுப்புவதாக இருந்தாலும் டாக்டர் சீட்டோடு, பெயரைச் சரிபார்த்து, அளவாக மட்டும்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். முன்பணமும் கொடுக்க வேண்டாம். போன சனிக்கிழமை முழுக்க மகள் வாயே திறக்கவில்லை, கவனித்தீர்களா? நீங்கள் ஆட்டோவில் ஏறிய பிறகு மாடிப்படியில் நின்று, "மேம், பிராமெட்ரிக்குக்கு எத்தனை மாசம் படிக்கணும்?" என்று கேட்டுவிட்டு ஓடினாள். வியாழக்கிழமை அவளை மட்டும் அனுப்பி வையுங்கள். டூட்டி முடிந்து வந்தாலும் சரி, ஏழரை மணி வரை ஆபீசில் இருப்பேன். சான்றிதழ் ஒரிஜினலையெல்லாம் எடுத்துவரச் சொல்லுங்கள்.