4 வயசு பையனுக்கு சூப்பர்ஹீரோ கார்ட்டூன் காட்டலாமா? எதை வச்சு முடிவு பண்றது?

கேள்வி கேட்டவங்க பையனுக்கு நாலு வயசு, எந்நேரமும் சூப்பர்ஹீரோ கார்ட்டூன்தான் கேக்குறான், வீட்ல மத்தவங்க "கார்ட்டூன்தானே, பாத்துட்டுப் போகட்டும்"ங்கறாங்க, இவங்களுக்கு மட்டும் மனசு ஒப்பலைன்னு எழுதியிருந்தாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, பெரியவனுக்கு எட்டு, சின்னவளுக்கு அஞ்சு, இதுல நான் நெறைய அல்லாடியிருக்கேன், அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல அந்த "கார்ட்டூன்தானே"ங்கறத விட்ருங்க. கார்ட்டூன்ங்கறது படம் காட்டுற ஒரு முறை அவ்ளோதான், குழந்தைங்களுக்குன்னு அர்த்தம் இல்ல. 2021ல வந்த இன்வின்சிபிள் தொடர் பளிச்சுன்னு கலர்கலரா டிரெஸ் போட்ட ஹீரோக்களோட ஆரம்பிக்கும், முதல் எபிசோட் கடைசியில ரத்தம் தெறிக்கும், அது முழுக்க பெரியவங்களுக்கானது. ஆனா வெளியில இருந்து பாத்தா ஒரு குழந்தை ரிமோட்ட அமுக்கி உள்ள போறதுக்கு எல்லா அழைப்பும் அதுல இருக்கு. அதனால வயசுக் குறியீட்ட பாருங்க. அமெரிக்காவுல 1997ல இருந்து வர்ற முறையில டிவி ஒய்-னா எல்லா குழந்தைங்களுக்கும், டிவி ஒய் 7-னா ஏழு வயசுக்கு மேல, கூடவே எஃப்வி-ன்னு இருந்தா கற்பனை வன்முறை கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு அர்த்தம். நாம பாக்குற அடிதடி சூப்பர்ஹீரோ கார்ட்டூன் நெறைய இந்த டிவி ஒய் 7 வகையிலதான் வரும். ஏன் ஏழுன்னா கற்பனை எது நிஜம் எதுன்னு பிரிச்சுப் பாக்குற பக்குவம் வந்திருக்கணும்னுதான். நாலு வயசுல அது பாதிதான் வந்திருக்கும்.

இப்ப எனக்கு முக்கியமா படுற விஷயத்துக்கு வர்றேன். நாம பெரியவங்க கதைய முழுசா பாக்குறோம், சண்டை போட்டாங்க, தப்ப உணர்ந்தாங்க, சேர்ந்துட்டாங்க, ஆக நல்ல கருத்துன்னு திருப்தி ஆகிடுறோம். என் பையன் நாலு வயசுல அப்படி ஒரு எபிசோட் பாத்தான், ரெண்டு ஹீரோ நண்பர்கள் முழுக்க அடிச்சுக்கிட்டு கடைசி ரெண்டு நிமிஷத்துல மன்னிப்பு கேட்டு கட்டிப்பிடிக்கிறாங்க. முடிஞ்சதும் கதை சொல்லுடான்னேன். ஒவ்வொரு அடியையும் கையக் கால ஆட்டிச் சொன்னான், எவன் எங்க போய் விழுந்தான்னு கூட சரியா சொன்னான். கடைசில என்னாச்சுன்னா "அவ்ளோதான் முடிஞ்சிருச்சு"ன்னான். மன்னிப்பு அவன் கணக்குலயே இல்ல! அந்த வயசுக்கு நடுவுல நடந்ததையும் கடைசில சொன்னதையும் கோத்துப் பாக்கத் தெரியாது, கண்ணுக்கு எது அதிக நேரம் தெரிஞ்சதோ அதுதான் கதை.

அப்புறம்தான் படிச்சேன், 2017ல சாரா காயின்ங்கற ஆராய்ச்சியாளர் 240 சின்னப் பிள்ளைங்கள வச்சு இதையே பாத்திருக்காங்க. சூப்பர்ஹீரோவ அதிகம் பாத்த பிள்ளைங்ககிட்ட ஒரு வருஷம் கழிச்சு முரட்டுத்தனம் கூடியிருந்துச்சு, சரி அடி வாங்குற இன்னொரு பிள்ளைக்காகப் போய் நிக்கறதாவது கூடுச்சான்னா அது கூடல. பெத்தவங்க எதிர்பாக்குற "எளியவனக் காப்பாத்து"ங்கற பாடம் போய்ச் சேரல. இது இன்னைக்கு நேத்து சமாச்சாரமும் இல்ல, 1963லயே ஆல்பர்ட் பந்துராங்கற உளவியல் ஆராய்ச்சியாளர், பெரியவங்க ஒரு காத்தடைச்ச பொம்மைய அடிக்கிறத நேர்லயும் படமாவும் கார்ட்டூன் மாதிரி பூனை வேஷம் போட்டும் நர்சரி பிள்ளைங்களுக்குக் காட்டினார், எப்படிக் காட்டினாலும் பிள்ளைங்க அதே மாதிரி அடிச்சாங்க.

அதுக்காக மொத்தமா நிறுத்திருங்கன்னு சொல்ல வரல. நான் எப்படிப் பாக்குறேன்னா, பிள்ளைக்குக் காட்டுறதுக்கு முன்னாடி சவுண்ட மியூட் பண்ணிட்டு ஒரு பத்து நிமிஷம் நானே பாப்பேன். சின்னக் குழந்தை வசனத்தை விட காட்சியைத்தான் பிடிச்சுக்கும், அதனால சத்தம் இல்லாம பாத்தா அவங்க கண்ணுல என்ன விழும்னு நமக்கும் தெரியும். அடியத் தவிர வேற எதாவது நடக்குதா, ஒருத்தன் அடி வாங்குனா வலிக்குதா இல்ல உடனே எழுந்து சிரிக்கிறானா, ஹீரோ ஒரு தடவையாவது யோசிச்சோ பேசியோ எதையாவது சரி பண்றானான்னு பாருங்க. இன்னொன்னு, இத நான் ரொம்ப நாள் கவனிக்கல, கெட்டவன எப்படி வரைஞ்சிருக்காங்க? முகத்துல தழும்பு, கோணல் பல்லு, கூன் முதுகு, இதுதான் கெட்டவன் அடையாளம்னா பிள்ளை அதையும் சேத்துதான் கத்துக்குது. என் பொண்ணு ஒருநாள் கன்னத்துல தழும்பு இருந்த ஒருத்தரக் காட்டி "அவரு கெட்டவரா"ன்னு கேட்டா, எனக்கு உடம்பே கூசிப்போச்சு.

நல்ல பக்கமும் இருக்கு. 2017லயே வந்த இன்னொரு ஆய்வுல நாலு வயசு, ஆறு வயசு பிள்ளைங்களுக்கு ஒரு போரடிக்கிற வேலையக் குடுத்து, பக்கத்துல விளையாட டேப்லெட்டும் வச்சிருந்தாங்க, பேட்மேன் மாதிரி வேஷம் போட்டு "பேட்மேன் உழைக்கிறாரா"ன்னு தன்னையே கேட்டுக்கிட்ட பிள்ளைங்கதான் அதிக நேரம் தாக்குப் பிடிச்சாங்க. அதுல டோரா, பாப் த பில்டர்னு சண்டையே போடாத கார்ட்டூன் ஆளுங்க வேஷமும் உண்டு, அதாவது சண்டை போடுற ஆளாத்தான் இருக்கணும்னு இல்ல. நாங்க இத பல்லு தேய்க்க, பொம்மை எடுத்து வைக்கன்னு நல்லாவே யூஸ் பண்ணினோம்.

உங்க பையன் விஷயத்துல ஒரு வாரம் டிவிய அணைச்ச அப்புறம் அரை மணி நேரம் அவன் என்ன பண்றான்னு பாருங்க. கேப் கட்டிக்கிட்டு பொம்மையக் காப்பாத்துறான், கதை புதுசா கட்டுறான்னா பயப்படாதீங்க. பாத்த அதே அடிய அப்படியே கூடப்பொறந்ததுங்க மேல இறக்குறான், ராத்திரி தூக்கத்துல அலறுறான், சோஃபா மேல இருந்து பறக்கப் பாக்குறான்னா அந்த கார்ட்டூன் மட்டும் கொஞ்ச நாள் வேண்டாம். நேரமும் முக்கியம், உலக சுகாதார நிறுவனம் 2019ல 2 முதல் 4 வயசு வரைக்கும் உக்காந்து ஸ்கிரீன் பாக்குறது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்குள்ள, குறைவா இருந்தா நல்லதுன்னு சொல்லியிருக்கு. இந்த வயசுக்குன்னே எடுத்த சூப்பர்ஹீரோ தொடரும் இருக்கு, 2021ல வந்த ஸ்பைடி அண்ட் ஹிஸ் அமேசிங் ஃப்ரெண்ட்ஸ் மாதிரி, அதுல இருந்து ஆரம்பிங்க, முதல் சில எபிசோட் கூடவே உக்காருங்க.

எனக்கே இன்னும் தீராதது ஒன்னு இருக்கு, எட்டு வயசுக்காரன் அவனுக்கானத பாக்குறப்ப அஞ்சு வயசுக்காரி சத்தமில்லாம பக்கத்துல வந்து உக்காந்துடுறா. இப்போதைக்கு அவ தூங்குனப்புறம்தான் அவனுக்குப் போட்டு விடுறேன், அவன் அதுக்கு தினமும் சண்டை போடுறான். வேற வேற வயசுல பிள்ளைங்க ஒரே வீட்ல இருக்கறவங்க யாராவது வேற வழி கண்டுபிடிச்சிருந்தா சொல்லுங்க.