மக்கோலாவில் முதலில் குட் மார்னிங், அப்புறம் விலை

கேள்வி: கணவருக்குக் கானாவில், அக்ரா நகரில் வேலை. அடுத்த மாதம் நானும் போகிறேன். மக்கோலா சந்தைக்குத் தனியாகப் போகலாமா? பேரம் படியுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகப் போகலாம். ஞாயிறு மட்டும் வேண்டாம். ஊரே சர்ச்சில் இருக்கும், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமைக் கூட்டமும் புதிதாகப் போகிறவருக்கு ஆகாது. வாரநாளில் காலையிலேயே ட்ரோட்ரோ வேனில் ஏறிவிடுங்கள். கதவோரம் நிற்கும் 'மேட்', அதாவது கண்டக்டர், "க்ரா, க்ரா, க்ரா" என்று கூவினால் அது அக்ராவின் மையப் பகுதிக்குப் போகும் வண்டி.

கடை முன் நின்றதும் விலை கேட்காதீர்கள். குட் மார்னிங் சொல்லுங்கள், அவரும் திருப்பிச் சொல்லட்டும், அப்புறம் விலை. நான் அங்கே குடியிருந்தபோது வழக்கமாகத் தக்காளி வாங்கிய அம்மா, வந்ததும் வராததுமாக விலை கேட்கிறவர்களுக்குக் காது கேட்காதவர் போலவே உட்கார்ந்திருப்பார். பணத்தை வலது கையால்தான் கொடுக்க வேண்டும். இது நமக்குப் புதிதல்ல.

தக்காளி, மிளகாயெல்லாம் கூறு கட்டி வைத்திருப்பார்கள். கூறின் விலையைக் குறைக்கச் சொல்வதைவிடக் கொசுறு கேட்பது நல்லது. 'டாஷ்' என்று கேளுங்கள், இரண்டு மிளகாய் கூட விழும். அரிசி, காராமணி, 'காரி' என்கிற வறுத்த மரவள்ளிக் குருணை எல்லாம் 'ஒலொங்கா' என்னும் தகர டின்னில் அளப்பார்கள். குவித்து அளக்கிறாரா, தலை வழித்து அளக்கிறாரா என்று பாருங்கள். பக்கத்துக் கடையில் விலை குறைவு என்றால் காரணம் அதில்தான் இருக்கும்.

வயதானவர் யாராவது ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் பதறாதீர்கள். கானாவின் நாணயத்துக்குப் பெயர் 'செடி'. 2007இல் 10,000 பழைய செடியை 1 புதிய செடி ஆக்கினார்கள். இன்னமும் பழைய கணக்கு சிலர் வாயில் வரும்.

திருப்பூர்க்காரரான நீங்கள் துணிச் சந்துக்குள் போனால் சீக்கிரம் திரும்பப் போவதில்லை. மெழுகு வைத்துச் சாயமேற்றும் 'வாக்ஸ் பிரின்ட்' துணி கஜக் கணக்கில் விற்கும். 12 கஜம் முழுப் பீஸ், 6 கஜம் அரைப் பீஸ். துணியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சாயம் ஒன்றுபோல் இறங்கியிருந்தால் நிஜ வாக்ஸ், பின்பக்கம் வெளிறியிருந்தால் சாதாரண பிரின்ட். ஓரத்தில் அச்சடித்த கம்பெனிப் பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், போலிகள் நிறைய.

"அகோ!" என்று பின்னால் குரல் கேட்டால் உடனே ஒதுங்குங்கள். அலுமினியப் பேசினில் பெரும் பாரத்தைத் தலையில் சுமந்து காயாயே பெண்கள் வருவார்கள். பெரும்பாலும் வட கானாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுமை தூக்கச் சொன்னால் கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பேரத் திறமையை அவர்களிடம் மட்டும் காட்டாதீர்கள், தயவுசெய்து.

அடுத்த மாதம் என்கிறீர்களே, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள், திரும்பும்போது இந்தியாவிலும் கேட்பார்கள்.

கேள்வி: அங்கே சந்தையே பெண்கள் ராஜ்யமாமே, நிஜமா?
- வாசகர், மதுரை

பதில்: நிஜம். தக்காளிக்கு ஒரு தலைவி, சேனைக்கிழங்கு போன்ற 'யாம்' கிழங்குக்கு ஒரு தலைவி என்று சரக்குவாரியாக 'மார்க்கெட் குவீன்' உண்டு. வரும் லோடைப் பிரித்துக் கொடுப்பது, சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த அதிகாரம் ஆட்சியாளர்களுக்கு உறுத்தியதும் உண்டு. நாட்டில் பொருள் தட்டுப்பாடு வந்ததற்கு இவர்களுடைய பதுக்கல்தான் காரணம் என்று சொல்லி, 1979 ஆகஸ்டில், ஜெர்ரி ராலிங்ஸின் ராணுவ ஆட்சியில், 1924இல் கட்டிய மக்கோலா முதலாம் எண் சந்தையைத் தரைமட்டமாக்கினார்கள். சந்தை போனதே தவிரத் தட்டுப்பாடு போகவில்லை. பெண்கள் சுற்றுவட்டாரத்திலேயே மறுபடி கடை விரித்தார்கள்.

கேள்வி: சுத்த சைவம் நான். சந்தையில் எதைச் சாப்பிடுவது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கொஞ்சம் சிரமம்தான், பட்டினி இல்லை. காலையில் 'வாச்சே' கிடைக்கும். அரிசியையும் காராமணியையும் சோளத் தழை போட்டு வேகவைத்த செந்நிறச் சோறு. மேலே 'ஷிட்டோ' போட வருவார்கள், தடுத்துவிடுங்கள். அந்தக் கறுப்பு மிளகாய்த் தொக்கில் கருவாடும் இறாலும் உண்டு. காராமணிக் குழம்பும் பொரித்த வாழைப்பழமுமான 'ரெட் ரெட்'டிலும் சில இடங்களில் மீன் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு உட்காருங்கள். சாயங்காலம் 'கெலெவெலே'. பழுத்த வாழையில் இஞ்சியும் மிளகாயும் பிரட்டிப் பொரித்தது. அதற்கு நான் உத்தரவாதம். என்ன எண்ணெய், அதில் வேறென்ன பொரித்தார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.