ஸ்பீக்கர் பெட்டியும் திரையின் ஊதாக் கறையும்

கொக்குவில் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: வீட்டிலுள்ள பழைய குழாய்த் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வைத்த பிறகு, திரையின் வலது மூலையில் ஊதாவும் பச்சையுமாகக் கறை படிந்துவிட்டது, பெட்டியை எடுத்த பின்னரும் அது முழுதாகப் போகவில்லை. படக்குழாய் பழுதாகிவிட்டதா, அந்தப் பெட்டி கைத்தொலைபேசியையும் வைஃபை ரவுட்டரையும் கெடுக்குமா என்று கேட்கிறார்.

படக்குழாயைப் பற்றிப் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. குழாயின் கழுத்திலிருந்து சிவப்பு, பச்சை, நீலத்துக்கென மூன்று இலத்திரன் கற்றைகள் புறப்பட்டு, ஏறத்தாழ 25,000 வோல்ற் அழுத்தத்தால் உந்தப்பட்டு, ஒளியின் வேகத்தில் மூன்றிலொரு பங்கை நெருங்கும் விரைவில் திரைக்கு வருகின்றன. திரைக்குச் சற்று முன்னே மெல்லிய உருக்குத் துளைத்தகடு ஒன்று உண்டு. ஒவ்வொரு கற்றையும் அதன் துளைகளூடாகச் சரியான கோணத்தில் நுழைந்தால்தான் தனக்குரிய நிறப்பூச்சில் விழும். ஓடும் மின்னேற்றத்தின் மீது காந்தப்புலம் செலுத்தும் விசை ஓட்டத்துக்கும் புலத்துக்கும் செங்குத்தானது என்பதால் (பாடசாலையில் மூன்று விரல்களை விரித்துப் படித்த பிளெமிங்கின் இடக்கை விதியை நினைத்துக்கொள்ளலாம்), கற்றையின் வேகம் மாறாமல் பாதை மட்டும் வளைகிறது. சிவப்புக்கான கற்றை பச்சைப் பூச்சில் போய் விழுந்தால் அந்த மூலையில் நிறம் புரண்டு தெரியும்.

இதற்குப் பெரிய காந்தம் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 40 மைக்கிரோரெஸ்லா மட்டுமே உள்ள புவிக் காந்தப்புலங்கூட, குறுக்கே அமைந்தால், 30 சென்ரிமீற்றர் ஓட்டத்தில் கற்றையை 3 மில்லிமீற்றர் அளவுக்கு விலக்கிவிடும். காந்த மத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் எங்கள் பகுதியில் அப்புலம் அநேகமாகக் கிடையாகவே உள்ளது. ஆகவே திரை வடக்கையோ தெற்கையோ பார்த்திருந்தால் நடுத்திரைக்கு வரும் கற்றை புலத்தோடு ஒரே கோட்டில் ஓடி, விலகாமல் தப்புகிறது. ஸ்பீக்கர் காந்தத்தின் புலமோ, மிக அருகில், புவியினுடையதைப் பன்மடங்கு விஞ்சுவது.

பெட்டியை எடுத்த பின்னும் கறை நிற்பதற்குக் காரணம், அந்த உருக்குத் தகடு தானே காந்தமேறியிருப்பதுதான். அதை நீக்கவே குழாயைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் வைக்கப்பட்டுள்ளது. தொலைக்காட்சியைப் போட்டதும் கேட்கும் சிறு உறுமல் அதனுடையது. ஆடலோட்டம் பலமாகத் தொடங்கிச் சில விநாடிகளில் தேய்ந்து மறையும்போது தகட்டின் காந்தமும் கூடவே தேய்கிறது. அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வெப்பத்தடை (சூடேறச் சூடேற ஓட்டத்தைக் குறைக்கும் சிறு உறுப்பு) ஆறினால்தான் சுருள் மறுபடி முழுப்பலத்துடன் வேலை செய்யும். எனவே றிமோற்றால் நிறுத்துவதோடு விடாமல், சுவர் ஆளியையே நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு மீண்டும் போடுங்கள். சில தடவைகள் இப்படிச் செய்தால் கறை பெரும்பாலும் மங்கும். மங்காவிட்டால் கையில் பிடிக்கும் காந்தநீக்கச் சுருள் வைத்திருக்கும் திருத்துநரிடம் காட்டுங்கள். இன்னொரு காந்தத்தைத் திரையில் தேய்த்துப் பார்ப்பதும், பின்மூடியைக் கழற்றுவதும் வேண்டாம். மின்னைத் துண்டித்த பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ற் தங்கியிருக்கக்கூடும். பெட்டியைத் தள்ளி வைப்பதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்: தூரம் இரு மடங்கானால் காந்தத்தின் புலம் ஏறத்தாழ எட்டிலொன்றாகக் குறையும்.

எல்ஈடி தொலைக்காட்சியில் வளைக்கப்படக் கற்றையே இல்லை. ரவுட்டரின் வானொலி அலைக்கு மின்னேற்றம் இல்லாததால் நிலையான காந்தம் அதை வளைக்காது. சமிக்ஞை குறைந்தால் இடையிலுள்ள சுவரையும் உலோகத்தையும் பாருங்கள். கைத்தொலைபேசியில் திசைகாட்டி பிசகலாம், சில கமராக்களின் குவியமும் தடுமாறலாம், மெமரி கார்டுக்கு ஒன்றும் ஆகாது. அம்பிளிபையரின் நிலைமாற்றி எழுப்பும் 50 ஹேட்ஸ் புலம் வேறு வகை: அது மாறிக்கொண்டே இருப்பதால் அருகில் செல்லும் ஒலி வயரில் மின்னைத் தூண்டி, ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்கும், வயரைத் தள்ளிப் போட்டால் குறையும்.

வாசகர் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் பழைய கசெற்றுகளை அந்தப் பெட்டியின் மேலேயே அடுக்கி வைக்கிறார்கள். நாடாவில் பதிந்திருப்பது காந்தப் பதிவு. அழிந்தால் எந்தத் திருத்துநராலும் அதை மீட்டுத் தர முடியாது. வங்கி அட்டையின் கறுப்புப் பட்டைக்கும் அதே ஆபத்து உண்டு, அட்டையையாவது மாற்றி வாங்கலாம்.