சேவைக்காகக் காத்திருக்கும் பண்டில் எது?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ரப்பர் கொள்முதல் செய்யும் வணிகர்களுக்கான ஜாவா மென்பொருளைப் பராமரிக்கிறேன். பண்டில் எனப்படும் தனித்தனிப் பகுதிகள் ஒன்றுக்கொன்று சேவை வழங்கும் ஓஎஸ்ஜிஐ முறையில் அமைந்த அதில், அன்றாட விலையைத் தரும் பண்டில் சரியாக இயங்கியும், பில் போடும் பண்டிலுக்கு அந்தச் சேவை கிடைக்கவில்லை. எந்தப் பண்டில் எந்தச் சேவையை எதிர்நோக்கி நிற்கிறது என்பதை எவ்வாறு அறிவது?

பதில்: பலரும் முதலில் நாடுவது ஒரு சேவையைச் சுட்டும் சர்வீஸ்ரெஃபரன்சில் உள்ள கெட்யூசிங்பண்டில்ஸ் மெத்தடை. சேவையை ஏற்கெனவே பெற்றுவிட்ட பண்டில்களை மட்டுமே அது காட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியதோ இன்னும் பெறாதது எது என்பது. அதற்கு 2009-இல் வெளிவந்த ஓஎஸ்ஜிஐ 4.2 பதிப்பில் சேர்க்கப்பட்ட லிஸனர்ஹுக் என்ற இன்டர்ஃபேஸ் உதவும்; சேவைகளின் வரவை எதிர்நோக்கிப் பண்டில்கள் சேர்த்துவைத்த லிஸனர்களை அது காட்டும்.

அந்த இன்டர்ஃபேசை ஒரு சிறிய பரிசோதனைப் பண்டிலில் எழுதி, சேவையாகப் பதிவு செய்யுங்கள். பதிவானதும், அதற்கு முன்பே சேர்ந்திருந்த லிஸனர்களின் விவரமும் ஆடட் மெத்தடுக்கு வந்துசேரும் என்பதால், அந்தப் பண்டிலைக் கடைசியாக இயக்கினாலும் எதுவும் விடுபடாது. ஒவ்வொரு லிஸனர்இன்ஃபோவிலும் கெட்பண்டில்கான்டெக்ஸ்ட் கேட்பது யார் என்பதையும், கெட்ஃபில்டர் எதைக் கேட்கிறது என்பதையும் சொல்லும். ஃபில்டர் (தேடல் நிபந்தனை) இன்றிச் சேர்ந்த லிஸனருக்கு நல் (வெற்று மதிப்பு) வரும். சேவை வருவதையும் போவதையும் தொடர்ந்து கவனிக்கும் சர்வீஸ்டிராக்கரும் உள்ளே லிஸனரையே பயன்படுத்துவதால் அதுவும் பட்டியலில் தென்படும்.

பட்டியலை வாசிப்பதில்தான் முழுக் கவனம் வேண்டும். பில் பண்டில் ரப்பர் ஷீட்டின் தரத்தை 'ஆர்எஸ்எஸ்4' என்று கேட்க, விலைப் பண்டில் 'ஆர்எஸ்எஸ்-4' என்று பதிவு செய்திருந்தால், அந்த ஒரு கோடே இரண்டையும் சந்திக்கவிடாது. எழுத்துக்கு எழுத்து பொருந்தியும் சேவை சேரவில்லையென்றால், விலை இன்டர்ஃபேஸ் இருக்கும் பேக்கேஜை இரு பண்டில்களும் ஒரே இடத்திலிருந்து இம்போர்ட் செய்கின்றனவா என்று பாருங்கள்; ஆளுக்கொரு பிரதியை வைத்திருந்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் ஃபிரேம்வொர்க் அவற்றை வெவ்வேறு வகைகளாகவே கருதி, அந்தச் சேவையைப் பில் பண்டிலின் கண்ணில் காட்டாது.

பல த்ரெட்கள் இயங்கும்போது ஒரு லிஸனரின் நீக்கச் செய்தி அதன் சேர்க்கைச் செய்தியை முந்திக்கொண்டு வரக்கூடும் என்பதால், பட்டியலில் சேர்க்கும் முன் லிஸனர்இன்ஃபோவின் இஸ்ரிமூவ்டைச் சோதித்துவிடுங்கள்.

பில் பண்டில் பட்டியலிலேயே இல்லையென்றால், என் அனுபவத்தில் அதுவே மிகத் தெளிவான விடை: அது காத்திருக்கவே இல்லை. தொடங்கும்போது ஒருமுறை மட்டும் கெட்சர்வீஸ்ரெஃபரன்சை அழைத்து, விலைப் பண்டில் அப்போது எழுந்திராததால் நல் பெற்று, அத்தோடு நின்றுவிட்டிருக்கும். அந்த வரியை எடுத்துவிட்டு, அங்கே சர்வீஸ்டிராக்கரைத் திறந்து வையுங்கள்.