பூட்டிய வீட்டுக்கு 1,800 யூனிட்

கேள்வி: சிங்கப்பூரில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். புதுவண்ணாரப்பேட்டையில் சொந்த வீடு இருக்கிறது. கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். மாடிக்குத் தனி மீட்டர், என் பெயரில். அம்மா போன வருடம் அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து மாடி பூட்டியே கிடக்கிறது. மீட்டர் படிக்கட்டு கிரில் கேட்டுக்குள் இருப்பதால் ஐந்து முறை 'டோர் லாக்' என்று போட்டு, கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்றே வந்தது. ஆறாவது முறை சித்தப்பா கேட்டைத் திறந்துவிட்டார். 1,800 யூனிட், பதினாறாயிரத்துக்கு மேல் பில். கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களாம். இரண்டு வருடத்துக்கு மேலான பாக்கியைக் கேட்க முடியாது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இங்கிருந்தபடியே நான் என்ன செய்ய முடியும்?

பதில்: 'வீடு பூட்டியிருந்தது, நான் எதற்குக் கட்ட வேண்டும்?' என்று உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் புகாரில் அதை மட்டும் எழுதினால், 'மீட்டர் ஓடியிருக்கிறது, கட்டுங்கள்' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அதைவிட வலுவான வாதம் அந்த பில்லுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. 100 யூனிட் இலவசமும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, 300 யூனிட் எரித்தவருக்கு நூறுக்கு மேல் இருநூறு வரை யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்தான். ஆயிரத்தைத் தாண்டியவருக்கு, தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் பதினோரு ரூபாய்க்கு மேல். உங்கள் 1,800 யூனிட் இரண்டு மாதத்தில் ஓடியதல்ல. பன்னிரண்டு மாதத்தில், ஆறு கணக்குகளில் ஓடியது. ஆறாகப் பிரித்தால் கணக்குக்கு 300 யூனிட். அதே விகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மொத்தமாகப் போட்டால் பதினாறாயிரத்தைத் தாண்டுகிறது. பிரித்துப் போட்டால் ஆறு கணக்கும் சேர்த்து நாலாயிரத்து இருநூறு சொச்சம். ஐந்து முறை கிடைக்க வேண்டிய இலவச யூனிட் போனதும், கடைசி 800 யூனிட் உச்ச விலைக்கு ஏறியதும்தான் வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். விகிதமே இரண்டு மாதத்துக்கு என்று வகுக்கப்பட்டிருக்கும்போது ஒரு வருட ஓட்டத்தை இரண்டு மாத ஓட்டமாகக் கணக்கிட முடியாது. இதுதான் உங்கள் புகாரின் முதல் வரி.

அடுத்தது அந்த 1,800 யூனிட் உண்மையா என்பது. புகார் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

1,800 யூனிட்டை 365 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய ஐந்து யூனிட். பூட்டிய வீட்டில் மறந்துபோன ஃபிரிட்ஜ் ஒன்று ஓடினால்கூட இவ்வளவு வராது. அரை குதிரைத்திறன் கிரைண்டர் இரண்டு, தினமும் ஆறேழு மணி நேரம் ஓடினால் வரும். கீழ் வீட்டுக்காரர் திருடுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். வடசென்னையில் ஒரே குடும்பம் இருந்த வீட்டைப் போர்ஷன் போர்ஷனாகத் தடுக்கும்போது பழைய ஒயரிங்கை அப்படியே விட்டுவிட்டு மீட்டரை மட்டும் கூட்டுவார்கள். மேல் வீட்டு லைன் கீழ் வீட்டின் ஒரு பிளக் பாயிண்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. காலடிப்பேட்டையில் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டுக்கு எலெக்ட்ரீஷியனோடு போய் நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்திருக்கிறேன். நாலு குடித்தனத்துக்கும் பொதுவான தண்ணீர் மோட்டார், ஊரிலேயே இல்லாத அந்த மனிதரின் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆகவே சித்தப்பாவையும் நல்ல எலெக்ட்ரீஷியன் ஒருவரையும் மீட்டர் முன் நிற்க வைத்து நீங்கள் வீடியோ காலில் இருங்கள். எலெக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு இத்தனை முறை மின்னும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். 3,200 என்பது பரவலாக உள்ள எண். முதலில் மாடி வீட்டு மெயினை ஆஃப் செய்யுங்கள். விளக்கு அப்படியும் மின்னினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ கிளை எடுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் மீட்டரே தானாக ஓடுகிறது. மின்னவில்லையா, மெயினைப் போட்டுவிட்டு மாடியில் இருக்கும் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். அப்புறம் கீழே கிரைண்டரைப் போடச் சொல்லுங்கள். 3,200 மீட்டரில் அரைக் குதிரை கிரைண்டர் இரண்டு ஓடினால் நிமிடத்துக்கு நாற்பது முறை போல மின்ன வேண்டும். சித்தப்பா வாட்ச்சைப் பார்த்து எண்ணட்டும். எர்த் லீக்கேஜ் விளக்கு உள்ள மீட்டர் என்றால் அது எரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பேஸில் போகும் கரண்ட் அதே மீட்டரின் நியூட்ரல் வழியாகத் திரும்பாமல் பக்கத்து நியூட்ரலிலோ எர்த்திலோ இறங்கினால் அது எரியும். எலெக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் (ஒயரைச் சுற்றிக் கவ்வி அதில் ஓடும் கரண்டை அளக்கும் கருவி) இருந்தால் இன்னும் சுலபம். எல்லாவற்றையும் தேதி, நேரம் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை முன்னாலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவு. வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்வதும், ஒரு இடத்துக்கு வாங்கிய மின்சாரத்தை வேறு இடத்துக்குக் கொடுப்பதும் அந்தப் பிரிவில் 'அங்கீகாரமற்ற பயன்பாடு'. உரிய விகிதத்தைப்போல் இரு மடங்கு போடுவார்கள். எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குப் போடலாம். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான். பாதிப் பணத்தைக் கட்டினால்தான் எடுத்துக்கொள்வார்கள். இந்த மாதிரி மதிப்பீட்டை எதிர்த்து நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. நீங்கள் புகார் கொடுத்து, பார்வையிட வரும் பொறியாளர் உங்கள் மீட்டரில் மாவுக் கிரைண்டர் ஓடுவதைக் கண்டால், பதினாறாயிரத்துக்காகப் போட்ட சண்டை அதைவிடப் பெரியதாக முடியும்.

அப்படி லைன் கலந்திருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். மாவு வியாபாரத்துக்கு உரிய கட்டணப் பிரிவில் கீழ் வீட்டு இணைப்பை மாற்ற விண்ணப்பம் போடுங்கள். ஓடிய யூனிட்டுக்கு மின்வாரியத்திடம் பொறுப்பு உங்களுடையதுதான், ஏனென்றால் இணைப்பு உங்கள் பெயரில். குடியிருப்பவரிடம் அந்தத் தொகையை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கோபத்தில் அவருடைய கரண்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது.

லைன் கலக்கவில்லை, மீட்டர்தான் தானாக ஓடுகிறது என்றால் வழி வேறு. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் மீட்டரைச் சோதிக்கக் கோரி எழுதிக் கொடுத்து, அதற்கான கட்டணத்தைக் கட்டி, ரசீது வாங்குங்கள். மீட்டரைக் கழற்றும்போது சித்தப்பா பக்கத்தில் நிற்கட்டும். சீல், ரீடிங் இரண்டையும் படம் எடுக்கட்டும். பழுது என்று முடிவானால் தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பின் 11-ஆவது விதிப்படி முந்தைய நான்கு மாதச் சராசரி போடுவார்கள். அந்த நான்கு மாதத்தின் பயன்பாட்டு நிலை, பழுதாக இருந்த காலத்தின் நிலையைப்போல இருக்க வேண்டும் என்பதும் அதே விதி. அம்மா ஏ.சி. போட்டுக்கொண்டு இருந்த மாதங்களின் சராசரியைப் பூட்டிய வீட்டுக்குப் போட வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஊரில் இல்லை என்பதற்கு பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற முத்திரைகளே சாட்சி. அம்மா எப்போதிலிருந்து அக்கா வீட்டில் இருக்கிறார் என்பதற்கும் ஏதாவது ஒரு காகிதம் தேடி வையுங்கள்.

ஃபியூஸ் விஷயத்துக்கு வருகிறேன். அதே மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவுப்படி, முழுதாகப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் தராமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. தொகையில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதம் கட்டியதன் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை 'ஆட்சேபத்துடன்' செலுத்தினால், தகராறு முடியும் வரை துண்டிக்க முடியாது. உங்களுக்கு அந்த ஆறு மாதச் சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனாலும் பிரித்துப் போட்டு வரும் நாலாயிரத்து இருநூறு சொச்சத்தைக் கட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு மீதியைக் கேள்வி கேட்பவருக்கு எந்த மன்றத்திலும் காது கொடுப்பார்கள். ஆன்லைனில் பில் தொகையை மாற்றிக் கட்ட முடியாது என்பதால், கடிதத்தோடு சித்தப்பா நேரில் போய், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும்.

இரண்டு வருட விதி உங்களுக்கு உதவாது. உங்கள் பாக்கி ஒரு வருடத்துடையது. அது மட்டுமல்ல, ரஹமதுல்லா கான் வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பில் வந்த பிறகுதான் தொகை 'முதலில் செலுத்தத்தக்கதாக' ஆகிறது, இரண்டு வருடக் கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது என்று சொல்லியிருக்கிறது. நண்பர் சொன்னதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

புகார் போகும் வழி இது. முதலில் உதவிப் பொறியாளர், கூடவே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) ஒரு பதிவு. அங்கே தீராவிட்டால் சென்னை வடக்கு மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம். அந்த உத்தரவிலும் நியாயம் கிடைக்காவிட்டால் முப்பது நாளுக்குள் கிண்டியில் இருக்கும் மின்குறை தீர்ப்பாளர். 01 என்று தொடங்கும் உங்கள் நுகர்வோர் எண், ஆறு பில், வெள்ளை அட்டையின் படம், வீடியோ, ஆறாகப் பிரித்த கணக்கு ஆகியவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள். 'டோர் லாக்' என்று எந்தெந்தத் தேதியில் போட்டார்கள் என்பதுதான் அதில் முக்கியம். ஒரு வருட ஓட்டம் என்பதை நிரூபிப்பது அந்தத் தேதிகள்தான்.

சித்தப்பா உங்களுக்காகப் பேச, நீங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் போதும். நுகர்வோர் ஆணையம், உயர் நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தால் சிங்கப்பூரில் இந்திய ஹை கமிஷனில் சான்று பெற்ற பவர் பத்திரம் அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். தம்பு செட்டி தெருவில் என் அலுவலகத்துக்கு வரும் வளைகுடா, மலேசியா, கப்பல் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி சறுக்குவது இந்த மூன்று மாதத்தில்தான். பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கும், நாள் போயிருக்கும்.

கடைசியாக ஒரு வேலை. மீட்டரை கிரில் கேட்டுக்கு வெளியே, ரீடிங் எடுப்பவர் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு மாற்ற இப்போதே விண்ணப்பம் போடுங்கள். மாற்றும் வரை, ரீடிங் எடுக்க வரும் நாளில் சித்தப்பா கேட்டைத் திறந்து வைத்து, மீட்டரைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். மெயினை ஆஃப் செய்தபோது சிவப்பு விளக்கு மின்னியதா இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். புகாரில் அந்த முதல் வரிக்கு அடுத்து எந்தப் பத்தியை வைக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.