சிறுவயதில் நடந்த கொடுமையை முதன்முறையாக ஒருவரிடம் சொல்வது எப்படி?

கேட்டவருக்குப் பதினாறு வயது. சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது, நான் கோழையா என்று கேட்டிருக்கிறார்.

இல்லை தம்பி, நீங்கள் கோழை இல்லை. அந்தத் தொண்டை அடைப்பு எனக்கும் தெரியும். பத்து வயதில், வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். அதை நான் சொன்னது பதினாறு வயதில். இடைப்பட்ட ஆறு வருடமும் முரடன், எடுத்தெறிந்து பேசுபவன் என்ற பெயர்தான் எனக்கு.

1996இல் வெளியான ஓர் ஆய்வில், பலவிதக் கொடிய அனுபவங்களின் பாதிப்பிலிருந்து மீளாத எட்டுப் பேருக்கு, அவரவருக்கு நடந்ததை ஒலிப்பதிவாகக் கேட்கவைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். உணர்ச்சி சார்ந்த பகுதிகள் மும்முரமாக வேலை செய்தன. பேச்சுக்கு உதவும் புரோக்கா பகுதியில் இயக்கம் குறைந்திருந்தது. எட்டே பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் அதைப் படித்த அன்று, என் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது.

முதலில் அம்மாவிடம்தான் போனேன். "அவரு நல்லவர் இல்லம்மா" என்றேன். கைவேலையை விடாமலே, "பெரியவங்கள அப்படிச் சொல்லக் கூடாது" என்றார். "சும்மா சொன்னேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். நான் எதைச் சொல்ல வந்தேன் என்று அம்மாவுக்குப் புரியவே இல்லை. பிறகு தெரிந்தபோது என்னைவிட அதிகம் அழுதவர் அவர்தான். இப்படித் தாமதமாகச் சொல்வதும், சொன்னதைத் திரும்பப் பெறுவதும் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் காணப்படுபவை என்று ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983இலேயே எழுதியிருக்கிறார். அதனால் நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை ஆரம்பித்துப் பின்வாங்கியிருந்தாலும், அதை வைத்து உங்களைப் பொய்யர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எனக்குக் கதவைத் திறந்தது ஓர் ஆசிரியை. குறைந்த மதிப்பெண்ணுக்காகக் கூப்பிட்டவர், மதிப்பெண்ணை விட்டுவிட்டு, "ராத்திரி தூங்குறியா?" என்று கேட்டார். "இல்லை மிஸ்." அன்று அவ்வளவுதான் சொன்னேன். இன்றைக்கு யோசித்தால் அதுதான் எனக்கு வழியாக இருந்திருக்கிறது. நடந்ததிலிருந்து தொடங்காமல், இப்போது இருப்பதிலிருந்து தொடங்கினேன். தூக்கம் வரவில்லை, ஒரு ஆளைப் பார்த்தால் உடம்பு விறைத்துப் போகிறது, இதெல்லாம் சொல்ல வருகிற வார்த்தைகள். முழுக் கதையும் ஒரே நாளில் வர வேண்டியதில்லை, வரிசையாகவும் வர வேண்டியதில்லை. இப்படிப்பட்ட நினைவு துண்டுதுண்டாகத்தான் பலருக்கு வரும்.

அப்புறம் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்று கெஞ்சினேன். "அந்த வாக்கை மட்டும் என்னால தர முடியாதுப்பா. ஆனா யார்கிட்ட சொல்றதா இருந்தாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்றார். அப்போது துரோகம் போலத் தெரிந்தது. ஆனால் அவர் அன்று பொய் வாக்குத் தந்திருந்தால் அந்த ஆள் என் வீட்டுக்கு வருவது நின்றிருக்காது.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆளும் இப்படி ஒரு பெரியவராக இருக்கட்டும். கேட்டு வருத்தப்படுவதோடு நிற்காமல், செயலில் இறங்கக்கூடியவர். நண்பனிடம் சொல்லலாம், தப்பில்லை, ஆனால் அவனுக்கும் உங்கள் வயதுதான். முதல் ஆள் நம்பவில்லை, அல்லது புரிந்துகொள்ளவில்லை என்றால் இரண்டாவது ஆளிடம் போங்கள், நான் போனது போல. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றாலோ, உயிரை விடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றாலோ, தயவுசெய்து நாள் பார்க்க வேண்டாம். இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால், உங்கள் நாட்டில் குழந்தைகளுக்கான உதவி எண் இருக்கிறதா என்று பார்த்துக் கூப்பிடுங்கள்.

அந்த நான்கு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. முதல் வரி நடந்ததைப் பற்றியதே இல்லை. "மிஸ், படிச்சு முடிச்சதும் என்னைப் பார்க்காதீங்க." படித்து முடித்தவர் வெகுநேரம் சன்னலைப் பார்த்தபடியே என்னிடம் பேசினார்.