பழைய பிக்கப், நூறு கிலோமீட்டர் வேகம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

முப்பது வருஷமாக பிக்கப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்துதான் பிழைப்பு. லேடர் சேஸ் (ஏணி மாதிரி இரும்புச் சட்டம்), பின்னால் கமான் பட்டை, பின்சக்கரத்தில் டிரம் பிரேக் என்று இருக்கும் பழைய வண்டியை வேகத்தில் நிதானமாக ஓடவைப்பது எப்படி, அதை மட்டும் கேளுங்கள். பவர் ஏற்றுவது பற்றிக் கேட்டால் பதில் வராது. கேட்பதற்கு முன் டயரில் உள்ள தேதியை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அண்ணே, 80 வரைக்கும் ஒழுங்கா போகுது. 90 தாண்டினா வண்டி மேயுது. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு திருத்திக்கிட்டே இருக்கணும். ஸ்டீயரிங் டாம்பர் மாட்டினா சரியாகுமா?

பதில்: டாம்பர் என்பது ஸ்டீயரிங்கின் உதறலை அமுக்கும் சின்ன ஷாக் அப்சார்பர், தலைவலி மாத்திரை மாதிரி தம்பி. வலி தெரியாது, நோய் அப்படியே இருக்கும். முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடி.

வண்டி தரையில் நிற்கும்போதே ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொல். நீ கீழே படுத்து, ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிட்மேன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம், டை ராட் எண்ட் என்று ஒவ்வொரு மூட்டின் மேலும் உள்ளங்கையை வை. விரலை மட்டும் இடுக்கில் விடாதே. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் உள்ளங்கையில் 'டிக்' என்று தட்டும்.

அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு கொடு, ஜாக்கியை மட்டும் நம்பாதே. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பார். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் முன்சக்கரம் திரும்பும் மூட்டு: பால் ஜாயிண்ட், இல்லை கிங் பின். பிறகு சக்கரத்தின் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டு. அங்கே ஆடினால் டை ராட் பக்கம் தேடு.

இதெல்லாம் பார்க்காமல் ஸ்டீயரிங் பாக்ஸ் மேலே இருக்கும் ஸ்குரூவை இறுக்குகிறவர்கள் நிறைய. அளவுக்கு மீறி இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, வண்டி இன்னும் அதிகமாக மேயும்.

ஆட்டம் எல்லாம் போன பிறகுதான் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது. நேராகப் போக உதவுவது காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு. தள்ளுவண்டியில் சுழலும் சின்னச் சக்கரம் இழுத்த பக்கம் தானாகத் திரும்பிப் பின்னால் வருகிறதே, அதே கணக்கு. பின்பக்கத்தை நீளமான ஷேக்கிள் (கமான் பட்டையைச் சேஸோடு இணைக்கும் துண்டு) போட்டுத் தூக்கியிருந்தால் வண்டி மூக்கு குனிந்து, காஸ்டர் குறைந்திருக்கும். டோ-வும் பார்க்கணும். சக்கரங்கள் முன்னால் துளி உள்வாங்கி இருக்கலாம், வெளியே விரிந்திருந்தால் மேயத்தான் செய்யும்.

கேள்வி: டயர் தேதின்னு சொல்றீங்களே, அது எங்க சார் இருக்கு?

பதில்: பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள். 2316 என்றால் 2016-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் வரிகள்) எவ்வளவு ஆழம் இருந்தாலும் சரி, பத்து வருஷம் தாண்டிய டயரில் நான் வேகம் போகமாட்டேன். டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் எழுத்தையும் பாருங்கள்: N என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர், Q என்றால் 160.

கேள்வி: டெயில் கேட்டைத் திறந்து போட்டா காத்து தடுக்காதுல்ல?

பதில்: பின் கதவை மூடியே வை. மூடியிருந்தால் சரக்குத் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கி விட்டுவிடும்.

கேள்வி: எனக்கு பட்ஜெட் ரெண்டு டயருக்குத்தான். முன்னால போடவா, பின்னால போடவா?

பதில்: பின்னால்.

கேள்வி (அதே நண்பர்): என்னண்ணே ஒத்த வார்த்தையில முடிச்சுட்டீங்க! எஞ்சின் வெயிட்டு முன்னால, திருப்புறதும் முன்னால, பிரேக்கோட பாதி வேலைக்கு மேல முன்னால. நல்ல டயர் அங்கதானே இருக்கணும்?

பதில்: நீ சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங் லேசாகி உன் கைக்கு உடனே தெரியும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் சேதி இடுப்புக்குத்தான் வரும், அதுவும் தாமதமாக. அதற்குள் தொட்டி உன்னை முந்தப் பார்க்கும். காலி பிக்கப்பின் பின்பக்கத்தில் எடையே கிடையாது, அங்கே போய்த் தேய்ந்த டயரை மாட்டுவாயா?

கேள்வி (வேறொருவர்): நடுவுல வர்றேன், மன்னிக்கணும். முன் டயர் வெடிச்சா ஸ்டீயரிங்கே கையில நிக்காதே. எங்க மாமா எப்பவும் முன்னாலதான் போடுவார்.

பதில்: மாமாவுக்கு வணக்கம். வெடிக்கும் என்று பயப்படுகிற டயருக்கு முன்னாலும் இடமில்லை, பின்னாலும் இடமில்லை. நாம் பேசுவது வெடிக்கிற டயரை அல்ல, பட்டன் குறைந்த டயரை. முன்னால் வெடித்தால் வண்டி ஒரு பக்கம் பலமாக இழுக்கும், இறுக்கிப் பிடித்து வேகத்தைத் தானாகக் குறையவிடலாம். பின்னால் வெடித்தால் வண்டி சுழலப் பார்க்கும்.

கேள்வி (டயர் நண்பர்): அப்ப பின்னால நாலு மணல் மூட்டை போட்டுட்டா எடை வந்துடும், நல்ல டயர் முன்னாலயே இருக்கட்டும்.

பதில்: விடமாட்டாய் போலிருக்கிறது. டெயில் கேட் ஓரமாகப் போட்டால் பின் ஆக்ஸில் நடுத்தாங்கியாகி முன்பக்கம் தூக்கும், ஸ்டீயரிங் இன்னும் மிதக்கும். ஆக்ஸிலுக்கு நேர் மேலே, இல்லை அதற்குச் சற்று முன்னால் போட்டுக் கட்டினால் பிடி கொஞ்சம் கூடும், நிற்கும் தூரமும் சேர்ந்தே கூடும். கட்டாத மூட்டை மோதலில் கேபினுக்குள் வந்து உட்காரும். டயர் பின்னால்தான். இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

கேள்வி: பழைய வண்டியில டர்போ...

பதில்: மேலே என்ன எழுதியிருக்கிறேன்?

கேள்வி: சார், 100-ல வண்டி அதிருது. எனக்கும் டாம்பர் போட்டா...

பதில்: டாம்பர் இல்லை! அதிர்வு ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? ஸ்டீயரிங் என்றால் முன்சக்கர பேலன்ஸ், வளைந்த ரிம். சீட்டும் தரையும் என்றால் பின்சக்கரத்தையும், எஞ்சின் சக்தியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும் பாருங்கள்: யுனிவர்சல் ஜாயிண்ட், சென்டர் பேரிங். சமீபத்தில் கழற்றி மாட்டியிருந்தால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள கவட்டை (யோக்) ஒரே நேரில் இருக்கிறதா பாருங்கள். கழற்றும் முன் சாக்பீஸ் கோடு போடாத மெக்கானிக்கால் வருகிற வினை இது.

கேள்வி: வணக்கம் அண்ணா. அப்பாவோட பிக்கப், பின்பக்கத்தை மூணு இன்ச் தூக்கி வச்சிருக்காங்க. லோடு ஏத்தினா பிரேக் சரியா நிக்க மாட்டேங்குது.

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. பல பிக்கப்பில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். லோடு ஏறி சேஸ் இறங்கினால் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். உயர்த்திய வண்டியில் லோடு ஏறினாலும் சேஸ் பழைய உயரத்துக்கு மேலேயே நிற்கும். காலி வண்டிதானே என்று நினைத்து வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். கம்பியைப் புது உயரத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும். சிலர் கம்பியைத் தூக்கி வயரால் கட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் காலியாகப் போகும்போது பின்சக்கரம் பூட்டி வண்டி சுற்றிக்கொள்ளும்.

பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

கேள்வி: எல்லாம் சரி பண்ணிட்டா 120 போகலாமா?

பதில்: 80-ஐ விட 120-ல் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 2.25 மடங்கு. ஏர்பேக் கிடையாது, பெல்ட்டும் பழசு. நான் 95-ல் நிறுத்திக்கொள்வேன், தொட்டியில் ஆள் இருந்தால் வண்டியையே எடுக்கமாட்டேன்.

கேள்வி: டாம்பர் எந்த கம்பெனி நல்லதுண்ணே?

பதில்: உன் டயர் தேதி என்ன?

கேள்வி (அதே நண்பர்): 0911-ன்னு போட்டிருக்கு. நல்ல நம்பரா?

பதில்: வண்டி இப்போது எங்கே நிற்கிறதோ, அங்கேயே நிற்கட்டும்.